மாமா கை

சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. முதல் சுற்றிலேயே. அவன் அணைத்தான். மறுபடி திருப்பினான். மறுபடியும் ஸ்டார்ட் ஆனது.

மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் உடனே ஆகுதே," என்றார்.

ஓட்டுநர் இருக்கை கடைசி வரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. நேற்று மாமனாரை வெளியே எடுக்கும்போது யாரோ தள்ளியிருக்க வேண்டும். கால் பெடலுக்கு எட்டவில்லை. அவன் இருக்கையை முன்னால் இழுத்தான். பின்பக்கம் வெள்ளைத் துணி மூட்டைகள் அடுக்கியபடியே இருந்தன. மாமனார் வெளுத்து, நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டிய படுக்கை விரிப்புகள்.

மருந்துக்கடைக்காரர் உள்ளே போய் ஒரு தண்ணீர் பாட்டிலுடன் வந்தார். ஜன்னல் வழியாக நீட்டினார்.

"அவரோடது. நீங்க மகனா?"

"மருமகன்."

"ஓ. மெக்கானிக் மாப்ள." அவர் பாட்டிலை விடவில்லை. இருவர் கையிலும் அது இருந்தது. "உங்களப் பத்தி சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"நெஞ்சு எரியுது, கேஸ் போலன்னு வந்தார். ரெண்டு மாத்திரை குடுத்தேன். வேர்த்துக் கொட்டிட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில காட்டிடுங்க சார்னேன். அங்கதான் போறேன், துணியப் போட்டுட்டு அப்படியே என்னையும் காட்டிட்டு வந்துடறேன்னு சிரிச்சார். போய் உக்காந்து சாவியத் திருப்பினார். ஸ்டார்ட் ஆகல."

அவன் ரோட்டைப் பார்த்தான். ஆஸ்பத்திரி இங்கிருந்து ஏழு நிமிடம். சிக்னல் விழுந்தால் பத்து.

"எத்தனை தடவை திருப்பினார்?"

"எண்ணலீங்க. நிறைய. இன்ஜின் நல்லாத்தான் சுத்துச்சு. பத்திக்கல. அப்புறம் இறங்கி பானெட்டத் தூக்கி, பாட்டில் தண்ணிய உள்ள ஊத்தினார். மறுபடி ஏறித் திருப்பினார். ஆகல. வேற வண்டி பிடிச்சுத் தரவான்னு கேட்டேன். வேணாம், இதோட குணம் எனக்குத் தெரியும், கொஞ்சம் ஆறினா கிளம்பிடும்னார். பாட்டில நிரப்பித் தரச் சொன்னார்." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுல யாருக்காச்சும் போன் பண்ணவான்னேன். மாப்ள மெக்கானிக்குதான், இப்ப வேலையா இருப்பார், தொந்தரவு பண்ண வேணாம்னார்."

தெருவில் ஒரு லாரி போனது. இருவரும் அது போகும் வரை காத்திருந்தார்கள்.

"நான் தண்ணி பிடிக்க உள்ள போனேன். அந்த நேரம் பாத்து ரெண்டு பேர் சீட்டோட வந்து நின்னுட்டாங்க. முடிச்சுட்டு பாட்டிலோட வந்து பாத்தா..." அவர் பாட்டிலை விட்டார். "இருபது நிமிஷம் இருக்கும். அவ்வளவு ஆகும்னு நினைக்கலீங்க."

பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"பானெட்ட நான்தான் மூடினேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். "மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

*

மாமனார் நான்கு முறை வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். கடந்த இரண்டு மாதத்தில் நான்கு முறை.

"மாப்ள, சூடா இருந்தா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. காலையில ஒரே திருப்பு. ஒரு இடத்துல நிறுத்தி மூட்டைய இறக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்தா, அடம்."

"இதோ வந்துடறேன் மாமா."

"நீங்க வேலைய முடிங்க. நான் உக்காந்திருக்கேன்."

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மரப் பெஞ்சு உண்டு. அதில் உட்காருவார். மாப்பிள்ளை ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தால், தானாக வெளியே வரும் வரை கூப்பிட மாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கை கழுவும் வரை எழுந்திருக்க மாட்டார். மகளைக் கொடுத்த இடத்தில் வேலை வாங்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம், ஒரு முறை ஒன்றரை மணி நேரம்.

பிறகு அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாவியைத் திருப்புவான். உடனே ஸ்டார்ட் ஆகும்.

நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்யும் கூட்டாளி சுத்தியலை நிறுத்திவிட்டுச் சிரிப்பான். எல்லாரும் அவனை டிங்கர் என்றே கூப்பிட்டார்கள். "பெரியவரே, உங்க வண்டிக்கு மாப்ளைன்னா பயம். பாத்ததும் ஒழுங்கா நடந்துக்குது பாருங்க."

"எனக்கே பயம்தான்," என்பார் மாமனார்.

மூன்றாவது முறை அவன் கொஞ்சம் எரிச்சலில் இருந்தான். அன்று ஒரு கிளட்ச் அவனைப் படாத பாடு படுத்தியிருந்தது. பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"மாமா, வண்டியில ஒண்ணும் இல்ல. உங்க கைதான்."

சொன்னபிறகு சிரித்தான். மாமனாரும் சிரித்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியா சேதி," என்றார்.

அந்த வாரமே அந்தக் கேலி வீட்டுக்கும் வந்துவிட்டது. சொன்னவர் மாமனார்தான். அதற்குப்பிறகு மிக்சி ஓடாவிட்டால் மாமா கை. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் மாமா கை. பூட்டு திறக்காவிட்டால் மச்சான் சாவியை அவரிடமிருந்து பிடுங்கி, "குடுங்கப்பா, உங்க கை தெரியாதா," என்பான்.

நான்காவது முறை வந்தபோது மாமனார் வண்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளை எப்போது வரும் என்று டிங்கர் வம்பிழுத்ததற்குச் சிரித்தார். கிளம்பும்போது, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாப்ள," என்றார்.

மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வரும்போது அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். இன்ஜின் நன்றாகச் சுற்றியிருக்கிறது. எனவே பேட்டரி இல்லை, செல்ஃப் மோட்டார் இல்லை. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் நின்றிருக்கலாம். இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்லியிருக்கலாம். இன்ஜின் சுற்றுகிறது என்று தகவல் அனுப்பும் கிராங்க் சென்சார் சூட்டில் ஊமையாகியிருக்கலாம். அது சொல்லாவிட்டால் தீப்பொறி வராது. மூன்றையும் சூட்டில்தான் பார்க்க முடியும். ஆறிப்போன வண்டி எதையும் காட்டிக்கொடுக்காது.

தண்ணீரை எங்கே ஊற்றினார் என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினான். இன்ஜினை அணைக்கப் போன கை சாவியில் ஒரு கணம் நின்றது. பிறகு அணைத்தான். பானெட்டைத் திறக்கவில்லை.

*

கூடத்தில் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். மாமனார் நடுவில் கட்டிலில் இருந்தார். மாமியார் தலைமாட்டில். அவர் அழுது முடித்திருந்தார், அல்லது இன்னும் தொடங்கவில்லை.

"மாப்ள. வண்டிய எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் அத்தை."

"உடனே ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சு."

"ஒரே தடவையிலயா?"

"ம்."

மாமியார் கட்டிலில் கிடந்த கையைப் பார்த்தார். "அப்ப நீங்க சொன்னதுதான் சரி. இவரு கைதான்." அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணி பாட்டில் வண்டியில இருந்துச்சா மாப்ள? ரெண்டு மாசமா ரெண்டு பாட்டில் கொண்டு போவார். அவ்வளவும் குடிச்சுட்டு வீட்டுக்கு வந்ததும் தாகம் தாகம்னு நிப்பார். சர்க்கரையா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே."

அவன் தலையை ஆட்டினான். பாட்டில் வண்டியில், பக்கத்து இருக்கையில் இருந்தது.

சமையலறையில் அவன் மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியவற்றையே மறுபடி கழுவினாள். அவன் வாசற்படியில் நிற்பதைத் திரும்பாமலே தெரிந்துகொண்டாள்.

"மருந்துக்கடைக்காரரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னார்?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"மாத்திரை வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கார். உடனே போயிடுச்சாம்."

"உடனேயா?"

"உடனே."

அவள் குழாயை மூடினாள். "கஷ்டப்படல."

"இல்ல."

"சரி," என்றாள். ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது போதும்."

*

வெளியே மச்சான் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தான். மனைவியின் தம்பி, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். எதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

"அத்தான், அப்பாவ இந்த வண்டியிலயே கொண்டு போயிடலாம். பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கார். இதுதான் சரி. கட்டில் தாராளமா போகும். நீங்க ஓட்டுங்க."

"வேற வண்டி சொல்லிடலாம் மச்சான்."

"எதுக்கு?"

"நல்லா இருக்காது. மூட்டை ஏத்துற வண்டி."

"அப்பா அதுல ஏறாத நாளே இல்ல." மச்சான் அவனை உற்றுப் பார்த்தான். "ஏன், வண்டியில ஏதாச்சும் இருக்கா?"

இதுதான் நேரம் என்று அவனுக்குத் தெரிந்தது. வாசலில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். டிங்கர் கைகட்டி நின்றான்.

"ஒண்ணும் இல்ல," என்றான்.

"அப்புறம் என்ன."

மச்சான் ஒரு மூட்டையை இழுத்து முடிச்சைப் பிடித்துப் போராடினான். விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்த்து மாமனார் போட்ட முடிச்சு. நகத்தால் நெம்பினான். பல்லால் கடிக்கப் போனான்.

"என்னடா பண்ற?" மனைவி வாசலுக்கு வந்திருந்தாள்.

"ரெண்டு விரிப்பு வேணும். கட்டிலுக்கு அடியில போட."

"அது ஆஸ்பத்திரி துணிடா."

"அப்பா வெளுத்த துணிதானே. திருப்பிக் குடுத்துடலாம்."

அவள் முடிச்சை ஒரு கணம் பார்த்தாள். நான்கு முனைகளில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். மூட்டை மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது.

"எதைப் பிடிச்ச?"

"எதை இழுக்கணுமோ அதை. சின்னப் பிள்ளையா இருக்கும்போது அப்பா சொல்லிக் குடுத்தார். உனக்கும்தான் சொன்னார், நீ கிரிக்கெட்டுக்கு ஓடிட்ட."

அவர்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கையில் அவன் டிங்கரின் பக்கம் போனான்.

"கடையில ரெண்டாவது தட்டுல இதே மாடல் வண்டியோட கிராங்க் சென்சார் ஒண்ணு கிடக்கும்ல?"

"ஆக்சிடென்ட் வண்டியில கழட்டினது. கிடக்கு. ஏன்?"

"சும்மா."

டிங்கர் அவனைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். சிரிப்பு எதுவும் வரவில்லை. "நான் போய் எடுத்துட்டு வரவா?"

ஒரே போல்ட். பத்தாம் நம்பர் ஸ்பேனர். கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். இப்போதே, வண்டி ஆறியிருக்கும்போதே. மாற்றிவிட்டால் அந்தக் கோளாறு இருந்ததே யாருக்கும் தெரியாது. அவனுக்கேகூட நிச்சயமாகத் தெரியாது.

"அத்தான்!" மச்சான் கூப்பிட்டான். "ரிவர்ஸ் எடுத்துக் குடுங்க. நேரமாச்சு."

*

முன் இருக்கையில் மாமியார் உட்கார்ந்தார். பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மனைவியும் மச்சானும் பின்னால், கட்டிலின் இருபுறமும். மற்றவர்கள் வேறு வண்டிகளில் பின்தொடர்ந்தார்கள்.

"தண்ணி குடிக்கவே இல்லயே," என்றார் மாமியார் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து. "அப்படியே இருக்கு."

பின்னாலிருந்து மனைவி எட்டிப் பார்த்ததை அவன் கண்ணாடியில் கண்டான்.

அவன் மெதுவாக ஓட்டினான். சூட்டைக் காட்டும் முள் ஏறியது. பாதிக்கு வந்து நின்றது. வண்டி எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஓடும் வரை எந்தக் குறையும் இருக்காது. அணைக்காமல் இருந்தால் போதும். உள்ளே போய் இறக்கி, அணைக்காமலே ஓரமாக நிறுத்தி, அணைக்காமலே திரும்பி வந்துவிடலாம். ஒரு சிக்னலில் நின்றபோது கால் ஆக்சிலரேட்டரில் தானாக அழுந்தி இன்ஜின் உறுமியது. மாமியார் திரும்பிப் பார்த்தார். அவன் காலைத் தளர்த்தினான்.

மயானத்தின் வாசலில் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"உள்ள இன்னொரு குடும்பம் இருக்காங்க. கொஞ்சம் இருங்க."

"சரி."

"இன்ஜின அணைச்சுடுங்க சார்."

"இருக்கட்டும். இதோ போயிடுவோம்ல."

"சத்தம் உள்ள கேக்குது. இரங்கல் பேசிட்டிருக்காங்க. அணைச்சுடுங்க."

அவன் கை சாவிக்குப் போகவில்லை. ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தது. காவலாளி ஜன்னலோரம் குனிந்து காத்திருந்தார். பின்னால் மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இவன் வண்டி மட்டும் ஓடியது.

"அணைங்க மாப்ள," என்றார் மாமியார். "அவங்களும் நம்மள மாதிரிதானே."

அவன் அணைத்தான்.

அமைதி பெரிதாக இருந்தது. பானெட்டுக்கு உள்ளே இரும்பு ஆறும் சத்தம் டிக், டிக் என்று கேட்டது. உள்ளேயிருந்து யாரோ ஒருவர் பேசும் குரல் வந்தது, சொற்கள் புரியவில்லை. அவன் டேஷ்போர்டில் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிடம். இரண்டு. இருபது நிமிடம் ஆகட்டும் என்று நினைத்தான். அரை மணி நேரம் பேசட்டும். மூன்று. உள்ளே இருப்பவர் நல்ல மனிதராக இருந்திருக்கட்டும், பேசுவதற்கு நிறைய இருக்கட்டும். நான்கு.

ஆறாவது நிமிடம் கேட் திறந்தது. காவலாளி கையை அசைத்தார்.

அவன் சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் சுற்றியது. நன்றாக, வேகமாகச் சுற்றியது. பற்றிக்கொள்ளவில்லை.

நிறுத்தினான். மறுபடி திருப்பினான். இம்முறை கண் தானாக ஆர்பிஎம் முள்ளுக்குப் போனது. இன்ஜின் சுற்றும்போது அந்த முள் கொஞ்சமாவது துடிக்க வேண்டும். அது பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. கிராங்க் சென்சார்தான். வேறெதுவும் இல்லை. இரண்டு மாதமாக யாரும் பார்க்காத அந்த முள்ளை ஒரே ஒரு முறை சூட்டில் பார்த்திருந்தால் போதும்.

மூன்றாவது முறை திருப்பினான்.

"மாப்ள," என்றார் மாமியார். குரலில் குற்றம் எதுவும் இல்லை. ஏதோ புரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டார். "இப்ப ஓட்டுறது அவரு கை இல்லையே."

அவன் சாவியை விட்டான்.

"தள்ளிடலாம் அத்தான்," என்றான் பின்னாலிருந்து மச்சான். "இறங்கித் தள்ளிடறோம்." பின்னால் வண்டிகளின் கதவுகள் திறந்தன. ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

"வேணாம்." அவன் மாமியாரின் மடியைப் பார்த்தான். "அத்தை, அந்த பாட்டில்."

அவர் கொடுத்தார்.

அவன் இறங்கி பானெட்டைத் தூக்கினான். சூடு முகத்தில் அடித்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், ஆழத்தில், ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. குனிந்தான்.

விரிப்பிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் துணி. கிராங்க் சென்சாரைச் சுற்றி, அதை மட்டும் சுற்றி, நான்கு மடிப்பாக வைத்துக் கட்டியிருந்தது. ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடாமல் அங்கேயே நிற்பதற்கு. முடிச்சு மூட்டை முடிச்சு. துணியின் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. நேற்றுக் கட்டியது இல்லை.

அத்தனை குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவில் அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். கையால் தொட்டுத் தொட்டு. ஒவ்வொன்றின் மேலும் தண்ணீரை ஊற்றி, திருப்பி, ஊற்றி, திருப்பி. தெரு ஓரங்களில், தனியாக. இரண்டு பாட்டில்.

நான்காவது முறை அதைச் சொல்லத்தான் வந்திருப்பார்.

அவன் பாட்டிலைத் திறந்து ஊற்றினான். நீராவி எழுந்தது. துணி குடித்தது. பாதி பாட்டில் போனதும் நிறுத்தி, காத்திருந்தான். நிமிர்ந்தபோது மனைவி இறங்கி வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பிறகு உள்ளே, அந்த வெள்ளைத் துணியை, அதன் முடிச்சை.

அவன் மீதியையும் ஊற்றினான். பானெட்டை மூடினான். ஏறித் திருப்பினான்.

ஸ்டார்ட் ஆனது.

அவள் திரும்ப ஏறவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தாள்.

*

எல்லாம் முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாமியாரை மச்சான் வேறு வண்டியில் கூட்டிப் போனான். மனைவி மட்டும் இந்த வண்டியில் ஏறினாள். பின்னால் கட்டில் இல்லை. இரண்டு விரிப்புகள் மட்டும் கிடந்தன.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "வொர்க்‌ஷாப்புக்குப் போங்க."

"வீட்டுல தேடுவாங்க."

"தேடட்டும்."

வொர்க்‌ஷாப் பூட்டியிருந்தது. டிங்கர் இன்று வேலைக்கு வரவில்லை. அவன் இறங்கி, பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கி, வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான்.

"அணைங்க," என்றாள்.

அணைத்தான்.

அவள் இறங்கி, சுற்றிலும் பார்த்து, வாசலோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மாமனார் உட்காரும் அதே முனையில். அவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. வெளிச்சம் அங்கேதான் இருந்தது.

"நீங்க வேலைய முடிங்க," என்றாள். "நான் உக்காந்திருக்கேன்."

அவன் இரண்டாவது தட்டிலிருந்து அந்தச் சிறிய கறுப்புச் சென்சாரை எடுத்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தான். பானெட்டைத் தூக்கினான். ஆறுவதற்குக் காத்திருக்காமல் கையை உள்ளே விட்டான். மணிக்கட்டு குழாயில் பட்டுச் சுட்டது. இழுத்துக்கொள்ளவில்லை.

முடிச்சு அவிழவில்லை. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து இறுகியிருந்தது. ஒரு முனையை இழுத்தான். இன்னும் இறுகியது. கத்தியை எடுக்கத் திரும்பினான்.

"வெட்டாதீங்க."

அவள் எழுந்து வந்தாள். குனிந்து, அவன் கையை ஒதுக்கிவிட்டு, விரலால் முனைகளைத் தடவிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் தடவினாள். ஒன்றைத் தேர்ந்து இழுத்தாள். முடிச்சு நழுவியது.

துணியை வெளியே எடுத்துப் பிழிந்தாள். நாலைந்து சொட்டு கறுத்த தண்ணீர் தரையில் விழுந்தது.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

அவன் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டியிருந்தான். திருப்பாமல் நின்றான்.

"இருபது நிமிஷம்."

"நமக்கு போன் பண்ணலயா?"

"மருந்துக்கடைக்காரர் கேட்டிருக்கார்."

"அப்பா என்ன சொன்னாராம்?"

அவன் சொன்னான். மாமனாரின் சொற்களில், மாற்றாமல் சொன்னான். முழுவதையும் கேட்ட பிறகு அவள் துணியை உதறினாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து இரண்டாக மடித்தாள், பிறகு நான்காக. விரிப்புகளை மடிப்பது போலவே. போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, அதைப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் போல்ட்டைக் கழற்றினான். பழையதை எடுத்தான், மற்றதைப் பொருத்தினான். முறுக்கினான். ஒயரைச் சொருகினான். எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடம் ஆனது.

வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற விட்டான். ஷட்டரின் கீழ் புகை வெளியே போனது. முள் பாதிக்கு வந்ததும் அணைத்தான்.

"முடிஞ்சுதா?"

"இல்ல. இப்பத்தான் பாக்கணும். அணைச்சு அஞ்சு நிமிஷம் விட்டு, அப்புறம் திருப்பணும். சூட்டுல."

அவள் தலையசைத்தாள்.

அவன் பழைய சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியருகே நின்றான். அது இன்னும் சூடாக இருந்தது. அவள் தன் பக்கத்தில் இருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியானது.

பானெட்டுக்குள் இரும்பு டிக், டிக் என்றது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.